தீனாவின் முறை

புகெட், தாய்லாந்து
2.3.2025

என் அன்புப் பூவுக்கு,

நான் நலம். நீயும் நைனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் உனக்கு அழுகை வருகிறது, எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு வீடியோவில் என் வீங்கின காதைப் பார்த்துவிட்டு நீ போனைப் போட்டுவிட்டு ஓடினாயே, அதோடு போதும். உன் யோசனைப்படியே காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு இவ்வளவு எழுதியதே இல்லை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இங்கே காலை ஐந்தரைக்கு எழுந்து பயிற்சிக்கூடத்து மெத்தைகளைத் துடைக்கிறேன். பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வருகிற வெள்ளைக்காரர்கள் வருவதற்குள் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். அதற்குக் கூலியாகச் சோறு, படுக்கை, இரண்டு வேளைப் பயிற்சி. மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் என்று சொல்லிப் பார், வாய் சுளுக்கிக்கொள்ளும். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தைப் பூட்டலாம். மாட்டிக்கொண்டவன் தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம், நீ நினைக்கிற மாதிரி கொலைக்களம் இல்லை.

என் இடது தொடை மட்டும் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. எதிராளி தொடையைப் பார்த்து உதைக்க வந்தால் காலைத் தூக்கி முன்னெலும்பில் வாங்க வேண்டுமாம். எனக்குக் கால் எழும்புவதே இல்லை. கோச் தினமும் கத்துகிறார். யோசித்துப் பார்த்தால், இது நம் உப்புத்தண்ணீர் ஏரியில் மீன் பிடித்து நடந்து பழகின கால். திருக்கை முள் ஏறிவிடக் கூடாது என்று சேற்றில் அடியைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே போவோமே, அது உடம்பில் ஊறிக் கிடக்கிறது. கோச்சுக்கு இதை எப்படிச் சொல்வது? தரையைக் காட்டி மீன் மாதிரி கையை நெளித்துக் காட்டினேன். எனக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட அனுப்பிவிட்டார்.

நைனாவிடம் இன்னும் ஓட்டல் வேலை என்றே சொல்லி வை. ஜனவரியில் வருகிறேன் என்று சொன்னதை மறக்கவில்லை. இந்தத் தடவை நிச்சயம். பட்டியல் எழுதுகிற நாளில் ஊரில் இருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்
தீனா


9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உன் பெண்டாட்டி எழுதிக்கொண்டது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தொடையைப் படித்துவிட்டுத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மஞ்சள் பத்துப் போடுகிறவர்கள் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஐஸாவது வைத்துக்கொள்.

இங்கே முகத்துவாரத்தில் மண் ஏறிக்கொண்டே வருகிறது. கடல் தண்ணீர் உள்ளே வர மறுக்கிறது, இறால் இல்லை. நான் போகிற நண்டுக் கொட்டகையிலும் மத்தியானத்துக்கு மேல் தராசுக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. துடைத்த கொட்டகையையே திரும்பத் துடைக்கிறேன். கூட இருக்கிற வேலம்மா அக்கா, "இன்னாடி, தரையத் தேச்சி ஓட்டை போட்டுடுவ போலக்கீதே"ன்னு திட்டுகிறது.

முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை ஊர்த் தலைவர் துளசிங்கம் வழியில் நிறுத்திச் சொன்னார். "மே பதினொண்ணு ஞாயித்துக்கெழம பட்டியல் எழுதறோம்மா. தீனாவுக்குச் சொல்லிடு. நேர்ல வந்து அவன் கையால சீட்டு எடுக்கணும். வராதவன் பேரு மூணு வருஷத்துக்குக் கெடையாது."

நான் கடலோரத்துப் பெண். எங்கள் பக்கம் யாருக்குக் கை இருக்கிறதோ அவர்கள் கடலுக்குப் போவார்கள். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பதும், அதற்குப் பாடு என்று பெயர் இருப்பதும் உன்னைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாடு என்றார்கள். நம் கல்யாணத்தன்று நைனா தன் பெயரை அடிக்கச் சொல்லி உன் பெயரை எழுத வைத்தார். எடுத்த பெயர் திரும்ப ஏறாது. இந்த வீட்டுக்கு இருப்பது உன் ஒரு பெயர்தான் மாமா. இப்போது உன் முறையில் வலை கட்டிக்கொடுக்கிற தேவேந்திரனும் பட்டியலில் நீ இருந்தால்தான் கட்டுவான். அது போனால் நைனாவும் நானும் எதைப் பார்த்து உட்கார்ந்திருப்பது?

டிக்கெட் போட்டுவிட்டு எழுது.

உன் பூவு


புகெட்
23.3.2025

என் பூவுக்கு,

டிக்கெட் போட்டாயிற்று. மே எட்டாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். நீ அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டாம், நானே பஸ் பிடித்து வந்துவிடுவேன். வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கால் எழும்ப ஆரம்பித்திருக்கிறது. கோச் என் கணுக்காலில் ரப்பர் பட்டையைக் கட்டி, நான் தேய்க்கும்போதெல்லாம் சுண்டி இழுத்தார். பதினைந்து நாளில் புத்தி வந்துவிட்டது. ஆனால் கட்டிப்பிடித்துவிட்டால் என்னை யாரும் கீழே தள்ள முடிவதில்லை. ஆடுகிற படகில் நின்று வலை இழுத்தவனை மெத்தை மேல் தள்ளிவிடுவார்களா? ரஷ்யாக்காரன் ஒருவன் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, என் பாதத்தைக் குனிந்து பார்த்தான். பிசின் கிசின் தடவியிருக்கிறேனோ என்று சந்தேகம்.

ஒரு விஷயம் உன்னிடம்தான் சொல்ல முடியும். ஊரில் எனக்கு எப்போதும் உடம்புக்குள் எறும்பு ஊறும். படகுத்துறையில் ஒருவன் முறைத்தால் கை நீண்டுவிடும். கூட்டத்தில் நிற்க வைத்துத் தண்டம் போட்டார்கள், நைனா தலையைக் குனிந்துகொண்டு கட்டினார். இங்கே அதே கையை நீட்டினால் தோளில் தட்டிக்கொடுக்கிறார்கள். சாயங்காலம் பயிற்சி முடிந்து படிக்கட்டில் உட்காரும்போது எறும்பு ஊறவில்லை பூவு. எனக்கு இருபத்தேழு வயது, இப்போதுதான் அமைதி என்றால் என்ன என்று தெரிகிறது. உன் பக்கத்தில் இருந்தபோது தெரியவில்லையா என்று கேட்பாய். கேட்காதே.

உன்
தீனா


6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்கவில்லை. நீயே கேள்வியையும் எழுதி, கேட்காதே என்றும் எழுதிவிட்டாய்.

உன் ஓட்டல் வேலை முடிந்தது. தேவேந்திரன் உங்கள் பயிற்சிக்கூடத்து வீடியோவை எங்கேயோ பிடித்து நைனாவிடம் காட்டிவிட்டான். ஒருவன் உன் முகத்தில் குத்துகிறான், நீ அவனைத் தூக்கிப் போடுகிறாய். நைனா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "எதிர்க்க நிக்கறவன் நல்லா துன்னு வளந்தவனாக் கீறான்"னு மட்டும் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஓட்டல்னியே?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சண்டை போடுகிறவன் நீ, வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்னிடம். நல்லா இருக்கிறதா நியாயம்?

மூன்றாம் நாள் அவரே வந்து, "வரும்போது உருப்படியா வருவானா?" என்று கேட்டார். எட்டாம் தேதி வருகிறார் என்றேன். நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வெளியே போனார்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பொன்னேரியில் வித்யா அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்கு என்னைக் கூப்பிடுகிறாள். பட்டியலில் இருக்கிறவன் பெண்டாட்டி ஊரை விட்டுப் போனால் அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள் என்று போகாமல் இருக்கிறேன். உனக்கு உடம்பில் எறும்பு ஊறினால் தாய்லாந்து போகலாம். எனக்கு ஊறினால் கொட்டகையைத் துடைக்கலாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை, இருப்பதை எழுதுகிறேன்.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் பூவு


புகெட்
19.4.2025

என் பூவுக்கு,

இதை எழுதுவதற்குள் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, இங்கே ஒரு பெரிய சண்டை நிகழ்ச்சி. எங்கள் கூடத்துப் பையன் ஒருவன் இறங்குவதாக இருந்தது. அவனுக்குத் தோள் விலகிவிட்டது. கோச் நேற்று எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். எத்தனையோ வருஷம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் பூவு. மெத்தை துடைக்கிறவன் பெயரைச் சொன்னார்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். சனிக்கிழமை இரவு சண்டை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் இருக்க எந்த விமானமும் இல்லை. எல்லாம் பார்த்துவிட்டேன்.

துளசிங்கத்திடம் போய்ப் பேசிப் பார். நைனா எனக்குப் பதில் சீட்டு எடுக்கலாமா, தேவேந்திரன் எடுக்கலாமா, ஒரு வாரம் தள்ளிப் போடுவார்களா? ஏதாவது வழி இருக்கும். நீ பேசினால் நடக்கும்.

திட்டுவாய். திட்டிவிட்டு எழுது.

உன்
தீனா


23.4.2025

மாமாவுக்கு,

திட்டத் தெம்பு இல்லை. நாள்காட்டியில் இருந்த வட்டத்தை நைனாவிடம் எப்படி அழிக்கச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாளைத் திருப்பி வைத்தார்.

துளசிங்கம் வீட்டுக்குப் போனேன். நைனா எடுக்க முடியாது. தேவேந்திரனுக்கு அவன் பெயரே இருக்கிறது, ஒருவன் கைக்கு ஒரு சீட்டு. தேதியை ஒருவனுக்காகத் தள்ளினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை, உட்கார வைத்து மோர் கொடுத்துத்தான் சொன்னார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன். அப்போது அவர் மனைவி இந்திராணி அம்மா உள்ளேயிருந்து, "பொம்பள பேர்ல எழுதறது ஒண்ணு கீதே"ன்னு சொன்னது. அவர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

"புருஷன் செத்தவளுக்கும், புருஷன் வுட்டுட்டுப் போனவளுக்கும் அவ பேர்லயே பாடு எழுதலாம்மா. ஆனா அம்மன் எதிர்க்க சூடம் ஏத்தி, அந்தச் சூடத்தக் கையால அடிச்சு அணைச்சு, ஊரு கேக்கச் சொல்லணும். புருஷன் ஊட்டுப் பெரியவங்க ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். அதுக்கு நீ இன்னா ஆம்பள இல்லாதவளா?"

இதை வழி என்று உனக்கு எழுதவில்லை. நீ எந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சண்டை அடுத்த மாதமும் வரும். கோச்சின் காலைப் பிடித்துக் கேள். வந்துவிடு மாமா.

பூவு


புகெட்
27.4.2025

என் தங்கப் பூவுக்கு,

நீ கெட்டிக்காரி என்று தெரிந்துதானே உன்னை அனுப்பினேன்! வழி கிடைத்துவிட்டதே, அப்புறம் ஏன் அழுகிறாய்?

சொல்லிவிடு. விட்டுட்டுப் போய்விட்டான், ஆறு மாதமாய் ஆளைக் காணோம், பாவி என்று நாலு வார்த்தை சேர்த்தே சொல். எனக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது. ஒப்புக்குச் சொல்வதுதானே. நான் வந்து இறங்கினதும் ஊருக்கே பிரியாணி போட்டு, புருஷன் திரும்பி வந்துட்டான்னு சொன்னால் முடிந்தது. பாடு உன் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன, நம் வீட்டுக்குத்தானே?

சூடத்தை நினைத்துப் பயப்படாதே. நீயும் நானும் பிரியவில்லை என்று அம்மனுக்குத் தெரியாதா? அவள் கண்டுகொள்ளமாட்டாள். நைனாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் கத்துவார்.

எடை குறைக்க வேண்டும், இன்னும் ஆறு கிலோ. உப்பு இல்லாத கோழியும் கீரையும் தின்று நாக்கு செத்துவிட்டது. நீ வைக்கிற நண்டு ரசம் கனவில் வருகிறது.

உன்
தீனா


2.5.2025

மாமாவுக்கு,

நைனாவிடம் சொன்னேன். "உசுரோட கீறவனை இல்லன்னு சொல்றதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அத்தனை பேர் நடுவில் நின்று என் புருஷன் என்னை விட்டுவிட்டான் என்று சொல்லப் போகிறேன். அதை நினைத்தால் உனக்கு ஒன்றுமே இல்லையா? ஏதாவது இருக்கிறதா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. சண்டைக்குப் பிறகு வேண்டாம். அதற்கு முன்னால் எழுது.

பூவு


புகெட்
8.5.2025

பூவுக்கு,

நாளைக்கு எடை பார்க்கிறார்கள். நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது, கை நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இப்போது மனசைக் குழப்புகிற எதையும் படிக்கக் கூடாது என்று கோச் சொல்லியிருக்கிறார். உன் கடிதம் வந்தது. எல்லாம் அப்புறம் பேசலாம். எனக்காக வேண்டிக்கொள்.

தீனா


புகெட்
11.5.2025, ஞாயிறு காலை

என் பூவு! என் பூவு!

ஜெயித்துவிட்டேன்!

முதல் சுற்றில் அடி வாங்கினேன், மூக்கு போய்விட்டது. இரண்டாவது சுற்றில் அவன் தொடைக்கு உதைத்தான், நான் காலைத் தூக்கினேன் பூவு, எலும்பில் வாங்கினேன், அவன்தான் நொண்டினான். அப்படியே இடுப்பைப் பிடித்துக் கீழே போட்டுப் பின்னால் ஏறிக் கழுத்தைப் பூட்டினேன். வலைக்கயிறு இழுத்த கை விடுமா? தட்டிவிட்டான். மூன்று தடவை தட்டினான். கூண்டுக் கதவைத் திறந்ததும் கோச் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒலிபெருக்கியில் என் ஊர்ப் பெயரைத் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். யாருக்கும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

இன்னொரு நல்ல செய்தி. கூடத்தில் என்னை டிசம்பர் வரை இருக்கச் சொல்கிறார்கள். இனி மெத்தை துடைக்க வேண்டாம், இன்னும் மூன்று சண்டை. பாடும் இன்றைக்கு உன் பெயரில் பத்திரமாகிவிடும், அந்தக் கவலையும் விட்டது. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

கோயிலில் எல்லாம் சுமுகமாக நடந்திருக்கும். நன்றாக நடித்தாயா? வேலம்மா அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்குமே! எல்லாவற்றையும் விவரமாக எழுது. வீடியோ அனுப்பியிருக்கிறேன், நைனாவுக்குக் காட்டு.

உன்னையே நினைத்திருக்கும்
உன் தீனா


13.5.2025

தீனாவுக்கு,

விவரமாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கோயில் பந்தலில் கூடினார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து குடத்துக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்தார்கள். உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ புகெட்டில் இருக்கிறாய் என்று தெரிந்தும் பார்த்தேன். அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

அப்புறம் நான் எழுந்தேன். துளசிங்கம் தட்டில் சூடத்தை ஏற்றி முன்னால் வைத்துவிட்டு, "யோசிச்சு சொல்லும்மா" என்றார். நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. ஒப்புக்குச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பொங்கல் வைத்துவிடலாம் என்றுதான் போனேன். சூடம் எரிகிறது, ஊரே பார்க்கிறது. நான் சொல்லப் போவதில் எது பொய் என்று தேடினேன். அதைத் தெரிந்துகொண்டால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்? ஜனவரியில் வருகிறேன் என்றாய். மே எட்டு என்றாய். உனக்கு ஒன்றுமே இல்லையா என்று நான் கேட்டதற்கு எடை பார்க்கிறார்கள் என்று எழுதினாய். சூடம் பாதி கரைகிற வரைக்கும் தேடினேன். பொய் கிடைக்கவில்லை.

"என் வூட்டுக்காரர் என்னை வுட்டுட்டுப் பூட்டாரு"ன்னு சொன்னேன். அடித்து அணைத்தேன். கை சுடவில்லை. வேலம்மா அக்கா அழவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நான் நடிக்கவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுப் பெரியவர் யார் என்றார்கள். நைனா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "ஆமா, வுட்டுட்டுத்தான் பூட்டான். நான் பெத்தவன், நானே சொல்றேன்" என்றார். திரும்பி வரும் வழியில், "நைனா, பாடு கிடைக்கணும்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். "கோயில்ல நின்னு ஒப்புக்குப் பேசி எனக்குப் பழக்கம் இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம், மெய்யாகவே சந்தோஷம். நைனா வீடியோவை மூன்று தடவை பார்த்தார். நீ அவன் கழுத்தைப் பிடித்த இடத்தில் அவர் கையும் மடங்கியது. அங்கே உனக்கு எறும்பு ஊறவில்லை என்று எழுதியிருந்தாயே, அது பொய் இல்லை என்று அந்த வீடியோவைப் பார்த்தால் தெரிகிறது. அங்கேயே இரு. நன்றாக இரு. மூக்கை டாக்டரிடம் காட்டு.

டிசம்பரில் வந்தால் நைனாவைப் பார். இது உன் நைனா வீடு, உனக்குச் சோறு உண்டு. ஆனால் ஊருக்குப் பிரியாணி போட வேண்டாம். அது ஒப்புக்குச் சொன்னது என்று நீ சொன்னால், என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் ஒப்புக்குச் சொல்லவில்லை என்பேன்.

பட்டியலில் தீனா மனைவி என்று எழுதப் போனார்கள். துளசிங்கம் தடுத்து, பெயரை மட்டும் எழுதச் சொன்னார். தேவேந்திரன் வலை கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறான். கரையில் உட்கார்ந்து பங்கு வாங்க எனக்கு இஷ்டம் இல்லை, படகில் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். நான் குடத்திலிருந்து எடுத்த முதல் சீட்டே நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. நாளைக்கு என் முறை. விடியற்காலையில் கிளம்ப வேண்டும், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

பூவிழி